சினை மறிக்குத் தீனி

செம்மறி வளர்க்கும் கமக்காரருட் பலர், குட்டி பிறந்த பின்னரே அதன் வளர்ச்சியைப் பற்றிச் சிந்திக்கின்றனர். குட்டி எலும்புந் தோலுமாய் நின்றால் கிடாயைக் குறை கூறுவர். பெரும்பாலும் குறை கிடாயிலன்று, சினைக்காலத்தில் மறிக்கு இட்ட தீனியிலேயே உளது.

செம்மறியின் சினைக்காலம் ஏறத்தாழ 147 நாட்கள். முதல் மூன்று மாதங்களிற் கரு மிகச் சிறிது. எனினும், கருவுக்கு உணவு செலுத்தும் நச்சுக்கொடி அக்காலத்திலேயே வளர்ந்து முடிகின்றது. ஆகவே அப்போதும் மறியை மெலிய விடலாகாது. பிறக்குங் குட்டியின் நிறையில் மூன்றிலிரண்டு பங்குக்கு மேல் கடைசி ஆறு வாரங்களிற் சேருகின்றது. மறியின் மடியும் அவ்வாரங்களிலேயே பாலுக்கு ஆயத்தமாகின்றது.

இனி நாட்கணக்கைப் பார்ப்போம். பெரும்போக அறுவடையின் பின், மாசி நடுவில் அரிதாள் மேயும்போது சினைப்பட்ட மறி ஆடியில் ஈனும். அதன் கடைசி ஆறு வாரங்கள் ஆனியிலும் ஆடி முற்பகுதியிலும் அமையும். வடபகுதியில் அது கச்சான் வீசிப் புல் கருகுங் காலம். தேவை மிகும் வேளையில் மேய்ச்சல் இல்லை.

வைக்கோல் போட்டோம், வயிறு நிறைந்தது என ஆறுதலடைவோர் உளர். வைக்கோலிற் புரதம் மிகக் குறைவு. அன்றியும், வளர்ந்த கரு இரைப்பையை நெருக்குவதால் மறி அதனை வேண்டிய அளவு தின்னவும் இயலாது. எனவே சிறிய அளவிற் சத்து மிகுந்த தீனி வேண்டும். நாட்டு மறியொன்றுக்கு இரு பங்கு அரிசித் தவிடும் ஒரு பங்கு தேங்காய்ப் பிண்ணாக்கும் கலந்து, நாளொன்றுக்கு 50 கிராமிற் தொடங்கிப் படிப்படியாக 200 கிராம் வரை உயர்த்துக. வேலியிலுள்ள சீமைக்கிளுவைக் குழையையும் வெட்டிக் கட்டுக. நல்ல நீர் எந்நேரமும் இருத்தல் வேண்டும்.

பெருத்த வயிற்றைக் கண்டு மறி கொழுத்ததென முடிவு செய்யற்க. இடுப்புக்கு மேலே முதுகெலும்பைக் கையாற் தடவிப் பார்க்க. எலும்பு கூராகத் தட்டுப்படின் தீனி போதாது. இரட்டைக் குட்டி சுமக்கும் மறி தீனியை வெறுத்து, மந்தையை விட்டு ஒதுங்கிச் சோர்ந்து நின்றால், அன்றே மிருக வைத்தியருக்கு அறிவிக்க. மறுநாள் பார்ப்போமென விட்டுத் தாயையும் குட்டிகளையும் ஒருங்கே இழந்தோர் உளர்.

குறைத் தீனியிற் பிறந்த குட்டிக்குப் பின்னர் எவ்வளவு ஊட்டினும் இழப்பு முற்றாக ஈடாகாது. தசைநார்களின் தொகை கருவிலேயே பெரும்பாலும் அமைந்துவிடுகின்றது. பிறந்த பின் அவை பருக்குமேயன்றிப் பெருகா. மேலும், அத்தகைய குட்டியின் உடலிற் கொழுப்புச் சேமிப்புக் குறைவு. இராக் குளிரைத் தாங்காது. அதனை உலர்ந்த சாக்கினால் துடைத்து, முதல் ஆறு மணித்தியாலத்துக்குள் சீம்பால் குடிக்கச் செய்க. தாய்மடியிற் பால் இல்லையேல், அன்றைக்கு ஈன்ற வேறொரு மறியிற் கறந்து ஊட்டலாம்.