வைஃபைக்கும் பூட்டு வேண்டும்

பூட்டு என்றாலே நினைவுக்கு வரும் ஊர் நமது திண்டுக்கல். 2019-ஆம் ஆண்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கொல்லைக் கதவு முதல் பீரோ வரை பூட்டி வைக்கும் நாம், ஒரு வாசலை மட்டும் பல வேளைகளில் திறந்தே விட்டுவிடுகிறோம். அதுவே வைஃபை என்னும் கம்பியில்லா இணைய இணைப்பு.

ரவுட்டர் என்னும் சிறு பெட்டி வானொலி அலைகள் மூலம் இணையத்தை வீடெங்கும் பரப்புகிறது. இவ்வலைகள் சுவரையும் கடந்து தெரு வரை செல்லும். கடவுச்சொல் இல்லையெனில், வழியில் நிற்பவரும் அதில் இணைந்துகொள்ளலாம்.

இதனால் என்ன கேடு வரும்? 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடித்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதற்குச் சில நிமிடங்களுக்கு முன் ஒரு மிரட்டல் மின்னஞ்சல் வந்திருந்தது. அதன் ஐ.பி. எண்ணைத் தொடர்ந்து சென்ற காவல் துறையினர், நவி மும்பையில் ஓர் அமெரிக்கர் குடியிருந்த வீட்டை அடைந்தனர். அவரோ ஒன்றும் அறியாதவர். பூட்டப்படாத அவரது வைஃபையை யாரோ பயன்படுத்தியிருந்தனர். ஐ.பி. எண் இணைப்பு யாருடையது என்பதைக் காட்டுமேயன்றி, அனுப்பிய கை யாருடையது என்பதைக் காட்டாது. ஆகவேதான் விசாரணை குற்றமற்றவர் வாசலுக்கு வந்தது.

இதைத் தடுக்க நாம் செய்ய வேண்டியவை:

1. வைஃபைக்கு நீண்ட கடவுச்சொல் வைக்க வேண்டும். எட்டு முதல் 63 எழுத்துகள் வரை வைக்கலாம். நமது பெயர், பிறந்த நாள், தொலைபேசி எண் ஆகியவை கூடாது.

2. ரவுட்டரின் அமைப்புகளுக்குள் நுழையத் தனிக் கடவுச்சொல் உண்டு. கடையிலிருந்து வந்தபோது இருந்ததை மாற்றிவிட வேண்டும்.

3. பாதுகாப்பு முறையாக டபிள்யூ.பி.ஏ.2 அல்லது டபிள்யூ.பி.ஏ.3 இருக்க வேண்டும். டபிள்யூ.இ.பி. என்னும் பழைய முறையை எளிதில் உடைக்கலாம் என்பது 2001-லேயே நிரூபிக்கப்பட்டது.

4. ரவுட்டரின் மென்பொருளை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும்.

நம் வாசலைப் பூட்டினால் மட்டும் போதுமா? பிறர் வாசல் திறந்திருந்தால் நாம் நுழையலாமா? "ஒரு பாடம் பார்ப்பதால் அவர்களுக்கு என்ன குறைந்துவிடும்?" என்று சிலர் கேட்கின்றனர். கட்டணம் செலுத்துபவர் அவர். வேகம் குறைவதும் அவருக்கே. நாம் செய்யும் செயலுக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. பூட்டாத கதவு நம்மை 'வா' என்று அழைப்பதாகாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, உரிமையாளர் அனுமதியின்றி அவரது கணினியிலோ வலையமைப்பிலோ நுழைவதைத் தவறு என்கிறது. வஞ்சக எண்ணத்துடன் அதைச் செய்தால், 66-ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறையோ, 5 இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கக்கூடும். சட்டத்துக்கு முன்பே, களவைத் தடுக்கும் ஏழாம் கட்டளை நமக்குண்டு.

நம் எல்லார் வீட்டிலும் இணைய வசதி இல்லை என்பது உண்மையே. தேவைப்படும்போது, "அக்கா, பரீட்சைக்கு ஒரு பாடம் பார்க்க வேண்டும்" என்று பக்கத்து வீட்டில் கேட்பதில் வெட்கமில்லை. கேட்டுப் பெறுவது உதவி. கேளாமல் எடுப்பது களவு. அவர் நம்பித் தந்த கடவுச்சொல்லை மற்றவருக்குச் சொல்லாதிருப்பதும் நம் கடமை.

அன்புத் தோழியரே! இன்றே நம் வீட்டு வைஃபையைப் பூட்டுவோம். பிறர் வீட்டு வைஃபை பூட்டப்படாதிருந்தால், நுழையாமல் அவர்களிடம் போய்ச் சொல்வோம். பூட்டுக்குப் பேர் பெற்ற ஊரின் பிள்ளைகளுக்கு அதுவே அழகு.