சாய்ந்து நிற்கும் தண்டவாளம்

திண்டுக்கல் மலைக்கோட்டையின் மேல் நின்று நோக்குவார்க்கு, கீழே பரந்த சமவெளியில் இருப்புப்பாதை இரு கோடுகளாக ஓடுவது புலப்படும். திருச்சியையும் மதுரையையும் இணைக்கும் இப்பாதை 1875-ஆம் ஆண்டில் மீட்டர்கேஜ் பாதையாகத் திறக்கப்பெற்றது. பிற்காலத்தில் 1676 மில்லிமீட்டர் இடைவெளியுடைய அகலப்பாதையாக மாற்றப்பெற்றது. தெற்கே, சிறுமலையை ஒருபுறம் விட்டு, அம்பாத்துரை வழியாகக் கொடைக்கானல் ரோடு நோக்கிச் செல்லுங்கால் அஃது ஆங்காங்கே வளைகின்றது. நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள வண்டி அவ்வளைவுகளில் தடம் புரளாது செல்வது எங்ஙனம்? சக்கரத்தின் உட்புறத்தில் நீண்டுள்ள விளிம்பே அதனைக் காக்கின்றது எனப் பலரும் எண்ணுவர். அவ்விளிம்பு இறுதிக் காவலே, முதற்காவல் வேறொன்று.

சந்தைக்குச் செல்லும் மாட்டுவண்டியில் இரு சக்கரங்களும் அச்சின்மேல் தனித்தனியே சுழலும். வண்டி திரும்பும்போது ஒன்று விரைந்தும் மற்றொன்று மெதுவாகவும் சுழல்வதில் இடர்ப்பாடு இல்லை. இரயில் வண்டியிலோ இரு சக்கரங்களும் ஒரே அச்சில் இறுகப் பொருத்தப்பட்டவை. ஒன்று ஒரு சுற்றுச் சுற்றினால் மற்றதும் ஒரு சுற்றே சுற்றும். ஆனால், 1750 மீட்டர் ஆரமுள்ள வளைவில், ஒவ்வொரு மீட்டருக்கும் வெளித்தண்டவாளம் உள்தண்டவாளத்தினும் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் நீளம் மிக்கது. அவ்வேறுபாட்டை ஈடுசெய்யாவிடில் சக்கரம் உருளாது இழுபடும். இரும்பு இரும்பைத் தின்னும்.

இதன்பொருட்டே சக்கரத்தின் ஓடுபரப்பை 20-க்கு 1 என்னும் சரிவில் கூம்பு போல் கடைந்தனர். உட்புறம் பருத்தும் வெளிப்புறம் சிறுத்தும் இருத்தலால், வளைவில் அச்சு சற்றே வெளிப்புறம் ஒதுங்கியதும், வெளிச்சக்கரம் தன் பருத்த பகுதியாலும் உட்சக்கரம் சிறுத்த பகுதியாலும் உருள்கின்றன. 915 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் மேற்கூறிய வளைவில் 5 மில்லிமீட்டருக்கும் குறைவாக ஒதுங்கினாலே போதும்.

கூம்பான சக்கரம், செங்குத்தாக நிற்கும் தண்டவாளத்தின்மேல் ஏறினால், பாரம் முழுவதும் அதன் உள்ஓரத்தில் ஊன்றும். அவ்வோரம் நசுங்கித் தேயும். ஆகவே தண்டவாளத்தையும் அதே 20-க்கு 1 அளவில் உட்புறம் சாய்த்து இடுகின்றனர். அப்பொழுது பாரம் தலைப்பகுதியின் நடுவே விழுந்து, நடுத்தண்டின் வழியாக நேரே அடியில் இறங்கும். மரக்கட்டைகள் இருந்த காலத்தில் கட்டையைச் சரிவாகச் செதுக்கியோ, சரிவான இரும்புத் தகட்டை இட்டோ இச்சாய்வைப் பெற்றனர். இன்று காங்கிரீட் கட்டைகளை வார்க்கும்போதே, தண்டவாளம் அமரும் இடம் சாய்வாக அமைக்கப்படுகின்றது. ஜெர்மனியில் 40-க்கு 1 என்னும் சிறிய சாய்வே வழக்கில் உள்ளது.

கூம்பின் சரிவு மிகின் நன்மையும் மிகும் என்று கருதுதல் தவறு. சரிவு மிக்க சக்கரம் நேர்பாதையில் விரைந்து செல்லும்போது இடமும் வலமும் பாம்புபோல் நெளியும். தேய்ந்து குழிந்த சக்கரத்துக்கும் இக்குறை உண்டு. ஆதலின் அதனை மீண்டும் கடைந்து உருத் திருத்துவர்.

20-க்கு 1 என்னும் சாய்வு கண்ணுக்கு எளிதில் தோன்றாது. அதன் விளைவோ தோன்றும். நடைமேடையில் நின்று நோக்கினால், தண்டவாளத்தின் தலையில் சக்கரங்கள் தேய்த்த பளபளப்பான பட்டை ஒன்று காணப்படும். (இதற்காகப் பாதையில் இறங்குதல் கூடாது.) நேர்பாதையில் அது நடுவை ஒட்டி ஓடவேண்டும். ஓரிடத்தில் மட்டும் ஓரத்துக்கு ஒதுங்கியிருப்பின், அடியிலுள்ள ரப்பர்த் திண்டு தேய்ந்தோ, பிடிப்பு தளர்ந்தோ சாய்வு மாறியிருக்கலாம். நாள்தோறும் சுத்தியலும் கையுமாகத் தம் எல்லை முழுதும் நடந்து, தளர்ந்த பிடிப்புகளை இறுக்கிச் செல்பவர் கீமேன் எனப்படும் பணியாளர். வெயில் காயும் சமவெளியிலும் அவர் தலை குனிந்தே நடப்பார்.