நெஞ்சொடு கிளத்தல் – ஓர் உளவியல் நோக்கு

திருக்குறளின் 125ஆம் அதிகாரம் 'நெஞ்சொடு கிளத்தல்' என்னும் பெயருடையது. காமத்துப்பாலில் அமைந்தமையின், இதனைப் பிரிவாற்றாமையின் ஒரு கூறு என்ற அளவிலேயே வகுப்பறையில் கற்பித்துச் செல்கிறோம். ஆயின் தலைவி ஈண்டுச் செய்வது எளிய செயலன்று. தன் நெஞ்சைத் தன்னினின்று வேறாக்கி, முன்னிலையில் நிறுத்தி, வினவுகின்றாள்; இடித்துரைக்கின்றாள். 130ஆம் அதிகாரத்தில் அதனோடு புலக்கவும் செய்கின்றாள். உறுப்பும் உணர்வும் உடையதுபோலவும், மறுமொழி தருவதுபோலவும் நெஞ்சைக் கொண்டு பேசுதற்குத் தொல்காப்பியப் பொருளியலும் இடந்தருகின்றது.

சிந்திப்பவன் தன்னை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி சிந்திக்க மறு பாதி அதனைப் பார்த்துக்கொண்டிருத்தல் இயலாது என்று 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறிஞர் ஒகுஸ்த் கோந்த் தடை எழுப்பினார். வலிய தடைதான். 1890இல் வெளிவந்த தம் உளவியல் பெருநூலில் வில்லியம் ஜேம்ஸ், நாம் காண்பது ஓடிக்கொண்டிருக்கும் எண்ணத்தையன்று, சற்றுமுன் கடந்துசென்றதன் நினைவையே என்னும் கருத்தை ஏற்றார். இருள் எத்தகையது என்று பார்க்க விளக்கேற்றுபவன் நிலை இது. எனினும் சுவடு கிடைக்கிறதே! சுவட்டைக் கொண்டும் வழி அறியலாம்.

இச்சுவட்டை நோக்கும் பயிற்சியை இமாம் கஸ்ஸாலி (1058–1111) தம் 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் வணிகர் வழக்கில் விளக்குகின்றார். கூட்டாளியிடம் முதலை ஒப்படைக்கும் வணிகன் முன்னரே நிபந்தனை பேசுகின்றான், இடையில் கண்காணிக்கின்றான், இறுதியில் கணக்குக் கேட்கின்றான். தன் நஃப்ஸோடும் ஒருவன் அவ்வாறே ஒழுகவேண்டும் என்பது அவர் கூற்று. கண்காணிப்பு 'முராகபா', கணக்குக் கேட்டல் 'முஹாஸபா'. ஆறு படிகளுள் இறுதியானது நஃப்ஸை விளித்துக் கடிந்துகொள்ளுதல். நம் நெஞ்சொடு கிளத்தலுக்கு இது எத்துணை அண்மையில் நிற்கின்றது! நோக்கம் வேறு, முறை ஒன்றே.

நம் மதுரையிலேயே ஒரு சான்று உண்டு. 1896 சூலைத் திங்களில், மீனாட்சியம்மன் கோயிலை அடுத்த சொக்கப்ப நாயக்கன் தெருவில், சிற்றப்பா இல்லத்தில் தங்கிப் பயின்ற பதினாறு வயது வேங்கடராமனை மரண அச்சம் திடீரெனப் பற்றியது. உடலில் நோயில்லை. பிற்காலத்தே இரமண மகரிசி எனப் பெற்ற அவ்விளைஞர் மருத்துவரை நாடவில்லை, பெரியோரிடமும் ஓடவில்லை. பிணம்போல் படுத்து, இறப்பது எது என்று அந்த அச்சத்தையே ஆராய்ந்தார். சமயம் இதற்கு அளிக்கும் விளக்கம் ஒருபுறம் இருக்க, அச்சத்துக்கு ஆளாகாது அதனை ஆய்வுப்பொருளாக்கிய அந்தத் திருப்பமே நாம் கருதத்தக்கது.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். எண்ணத்தைக் கண்டுகொண்டதனாலேயே அதன் காரணத்தையும் கண்டுவிட்டதாகக் கொள்ளலாகாது. நிஸ்பெட், வில்சன் என்னும் அமெரிக்க உளவியலார் இருவர் 1977இல் வெளியிட்ட ஆய்வொன்று இதனை நன்கு காட்டும். முற்றிலும் ஒரே தன்மையான நான்கு இணைக் காலுறைகளை வரிசையாக வைத்து, சிறந்ததைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். வலக்கோடியில் இருந்ததையே மிகுதியானோர் எடுத்தனர். காரணம் கேட்டபோது ஒருவரும் இடத்தைக் குறிப்பிடவில்லை. இடத்தால் அன்று என்று ஏறத்தாழ அனைவரும் மறுத்தனர். நெஞ்சு மறுமொழி தருகிறது. அம்மொழி மெய்யென்பதற்கு உறுதியில்லை.

ஆகவே மாணவர் எளியதொரு பயிற்சியை மேற்கொள்ளலாம். பாடநூலைப் படிக்கையில் கண் வரிகளின்மேல் செல்ல, மனமோ ஆனையூர்ப் பேருந்தில் ஏறிச் சென்றிருக்கும். அதனை உணர்ந்த கணத்தில், நினைவோடு படித்த கடைசிச் சொல் எதுவெனத் தேடி, அதன் ஓரத்தில் கரிக்கோலால் ஒரு புள்ளி இடுக. 'சோர்வு' என்றோ 'பசி' என்றோ உடனே காரணம் எழுதவேண்டா. சில நாள் கழித்துப் புள்ளிகளை மட்டும் பார்க்க. அவை பொருள் விளங்காத சொற்களின் அருகே குவிந்திருப்பின், அச்சொற்களுக்கு அகராதியில் பொருள் கண்டபின் மீண்டும் அப்பகுதியைப் படித்து, புள்ளி அங்கேயே விழுகின்றதா, இடம் மாறுகின்றதா என்று நோக்குக.