எரிக்கப்படாமல் தப்பிய ஒரு பிரதி

அரசியல் விஞ்ஞானப் பாடத்தில் ஐக்கிய அமெரிக்காவின் அரசியலமைப்பு வந்தால் வலுவேறாக்கமும், தடைகளும் சமன்பாடுகளும் கூடவே வரும். ஜனாதிபதி எல்லை மீறினால் உயர் நீதிமன்றம் தடுக்கும் என்று எழுதி நாமும் புள்ளி எடுத்துவிடுகிறோம். தடுக்காமல் விட்ட நாள் ஏதும் உண்டா என்று நான் கேட்டதில்லை. ஐக்கோ ஹெர்சிக் யொஷினாகா என்ற பெண்மணியைப் பற்றி வாசித்த பிறகுதான் அந்தக் கேள்வி எனக்குள் வந்தது.

1941 டிசம்பர் 7 இல் ஜப்பான் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியபோது ஐக்கோ லொஸ் ஏஞ்சல்ஸில் பாடசாலையின் இறுதி வகுப்பில் இருந்தார். வயது பதினேழு. என் வயதுதான். பெற்றோர் ஜப்பானிலிருந்து வந்தவர்கள். அவரோ கலிபோர்னியாவில் பிறந்த அமெரிக்கப் பிரசை. ஆனாலும் அவரையும் அவரைப் போன்ற மாணவர்களையும் அழைத்த அதிபர், உங்கள் ஆட்கள் குண்டு போட்டுவிட்டார்கள், உங்களுக்குச் சான்றிதழ் கிடையாது என்று சொல்லிவிட்டார்.

1942 பெப்ரவரி 19 இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 9066 ஆம் இலக்கக் கட்டளையில் கையொப்பமிட்டார். அதில் ‘ஜப்பானியர்’ என்ற சொல்லே இல்லை. இராணுவத் தளபதி குறிப்பிடும் பிரதேசங்களிலிருந்து எவரையும் அகற்றலாம் என்று மட்டுமே இருந்தது. ஆனால் அதன் பெயரில் முள்வேலிக்குள் அடைக்கப்பட்ட சுமார் 120,000 பேரும் ஜப்பானிய வம்சாவளியினர். மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கப் பிரசைகள். ஐக்கோ மன்சனார் முகாமுக்குப் போனார்.

போக மறுத்தவர்களில் ஒருவர் பிரெட் கொரெமட்சு. ஒட்டுத் தொழில் செய்த இளைஞர். கைதாகி, வழக்காடி, உயர் நீதிமன்றம் வரை போனார். யார் விசுவாசமானவர், யார் அல்லாதவர் என்று பிரித்துப் பார்க்க யுத்த காலத்தில் அவகாசம் இல்லை என்பது அரசின் வாதம். 1944 டிசம்பரில் ஆறு நீதியரசர்கள் அதை ஏற்றார்கள், மூவர் மறுத்தார்கள். நாம் விடைத்தாளில் எழுதும் ‘தடை’ அன்று வேலை செய்யவில்லை.

ஐக்கோ சட்டம் படித்தவரல்ல. ஐம்பது வயதைத் தாண்டிய பின், வொஷிங்டனிலுள்ள தேசிய சுவடிக்கூடத்துக்குத் தாமாகவே போய்ப் பழைய கோப்புகளைப் புரட்டத் தொடங்கினார். பிறகு, அமெரிக்கக் காங்கிரஸ் இவ்விடயத்தை விசாரிக்க அமைத்த ஆணைக்குழு அவரை ஆய்வாளராகச் சேர்த்துக்கொண்டது. 1982 இல் ஒரு நாள் ஒரு மேசைமேல் கட்டப்பட்ட அறிக்கையொன்றைக் கண்டார். மேற்குக் கரையின் தளபதி டிவிட் எழுதிய அறிக்கையின் முதல் வடிவம் அது. அவகாசம் இல்லை என்பதல்ல காரணம், இந்த இனத்தாரைப் பிரித்தறியவே முடியாது என்பதுதான் காரணம் என்று அதில் தளபதியே எழுதியிருந்தார். நீதிமன்றத்தில் சொன்ன வாதத்துக்கு இது நேர்மாறு. அதனால்தான் அறிக்கையைத் திருத்தி, பழைய பிரதிகளை எரிக்கச் சொல்லியிருந்தார்கள். ஒன்று மட்டும் தப்பியிருந்தது. அந்த இடத்தை வாசித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன்.

1983 இல் சான் பிரான்சிஸ்கோவின் சமஷ்டி நீதிமன்றம் கொரெமட்சுவின் குற்றத்தீர்ப்பை நீக்கியது. இனத் தப்பெண்ணம், யுத்த வெறி, அரசியல் தலைமையின் தோல்வி ஆகியவையே காரணங்கள் என்று ஆணைக்குழு அறிக்கையிட்டது. 1988 இல் ஜனாதிபதி ரேகன் கையொப்பமிட்ட சட்டம் மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்தவர்களுக்குத் தலா 20,000 டொலர் வழங்கியது.

இதோடு கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் 2018 ஜூன் 26 இல் அதே உயர் நீதிமன்றத்தில் கொரெமட்சுவின் பெயர் திரும்பவும் வந்தது. ஜனாதிபதி ட்ரம்ப் சில நாட்டவரின் வருகைக்கு விதித்த தடை பற்றிய வழக்கு அது. ஈரான், லிபியா, சோமாலியா, சிரியா, யெமன் ஆகிய முஸ்லிம் நாடுகளோடு வட கொரியாவும் வெனிசுவேலாவும் பட்டியலில் இருந்தன. இந்தக் கட்டளையும் எந்தச் சமயத்தாரையும் பெயர் சொல்லித் தடுக்கவில்லை. முஸ்லிம்கள் நாட்டுக்குள் வருவதை முற்றாக நிறுத்த வேண்டும் என்று 2015 தேர்தல் பிரசாரத்தில் அவர் கேட்டதோ ஊரறிந்தது. ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் தடை செல்லும் எனத் தீர்ப்பானது. அதே தீர்ப்பில், கொரெமட்சு வழக்கின் முடிவு அன்றே பெருந்தவறு என்று பிரதம நீதியரசர் ரொபர்ட்ஸ் எழுதினார்.

இரண்டும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். சொந்தப் பிரசைகளை முகாமில் அடைப்பது வேறு. வெளிநாட்டவரின் வருகையைத் தடுப்பது வேறு. பெரும்பான்மை நீதியரசர்கள் சொன்னதும் இதுதான், அதில் நியாயம் இல்லாமலில்லை. எனக்கு உறுத்துவது வேறு விடயம். தடைக்கு அடிப்படை என்று சொல்லப்பட்ட ஆய்வறிக்கை வெறும் 17 பக்கங்கள் என்றும், அரசு அதை வெளிக்காட்டவில்லை என்றும் மாறுபட்ட தீர்ப்பில் நீதியரசர் சொட்டொமேயர் சுட்டிக்காட்டினார். 1944 இலும் ‘பாதுகாப்பு’ என்ற சொல் மன்றத்துக்கு வந்தது. அதன் பின்னாலிருந்த காகிதம் வரவில்லை. நாற்பது வருடம் கழித்து ஒரு பெண் அதைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது.

2021 இல் ஜனாதிபதி பைடன் அந்தத் தடையை நீக்கினார். 2025 ஜூனில் 12 நாடுகளோடு புதிய தடை வந்தது.

ஐக்கோவுக்கு மறுக்கப்பட்ட பாடசாலைச் சான்றிதழ் 1989 இல்தான் கையில் கிடைத்தது. அவர் காலமானது 2018 ஜூலை 18 இல், அந்தத் தீர்ப்பு வந்து இருபத்திரண்டாம் நாள்.