பத்தாம் வகுப்புக்குப் பின்: கல்லூரிக் கணக்கில் சேரும் படிப்பும் சேராத படிப்பும்

பள்ளியும் கல்லூரியும் உடன்பாடு செய்துகொண்டு, பள்ளி மாணவர் தேறும் பாடத்தைக் கல்லூரிப் படிப்பின் பகுதியாக ஏற்கும் முறை அமெரிக்காவில் பரவலாக உள்ளது. அவ்வாறு ஏற்கப்படும் பாட அளவே கிரெடிட் எனப்படுகிறது. தமிழ்நாட்டில் அப்பெயரில் இல்லாவிடினும், அதே பயனைத் தரும் வழிகள் நெடுங்காலமாகவே உண்டு. ராசிங்காபுரம், சிலமலை போன்ற போடி வட்டார ஊர்களில் பத்தாம் வகுப்பு முடிவு வெளியானதும், பிள்ளையின் நாட்டம் எதில் என்று கேளாமலே, பக்கத்து வீட்டுப் பிள்ளை சேர்ந்த இடத்தில் தம் பிள்ளையையும் சேர்க்கப் பெற்றோர் விரைவது ஆண்டுதோறும் நிகழ்வதால், அவ்வழிகளை ஒப்பிட்டுக் காட்டுவது தேவையாகிறது.

மேல்நிலைக் கல்வியை முடித்துப் பட்டப்படிப்பில் சேரும் வழி அனைவரும் அறிந்ததே. போடியிலேயே ஏல விவசாயிகள் சங்கக் கல்லூரியும் அரசு பொறியியல் கல்லூரியும் உள்ளன. சென்னை ஐ.ஐ.டி. 2020இல் தொடங்கிய இணையவழித் தரவு அறிவியல் படிப்பின் தகுதிச் சுற்றுக்குப் பதினோராம் வகுப்பை முடித்தவரே விண்ணப்பிக்கலாம். தானே அமர்ந்து படிக்கும் பழக்கம் உள்ளவருக்கு அது பொருந்தும். ஐ.டி.ஐ. எனும் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஈராண்டுப் பயிற்சி பெற்றவரும், மேல்நிலையில் தொழிற்கல்விப் பிரிவில் தேறியவரும் பாலிடெக்னிக்கின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம்.

பத்தாம் வகுப்புக்குப் பின் பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு டிப்ளமோ முடித்தவர் பொறியியல் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்வதால், மேல்நிலை வழியாகச் செல்பவரைப் போலவே ஆறு ஆண்டுகளில் பட்டம் பெறுகிறார். இடையில் குடும்பச் சூழல் மாறினாலும் வேலைக்குரிய ஒரு சான்றிதழ் அவர் கையில் இருக்கும். ஃபிட்டிங் பட்டறையில் இரும்புத் துண்டை அரத்தால் ராவி, மூலைமட்டம் வைத்துப் பார்த்து, வெளிச்சம் கசிந்தால் மீண்டும் ராவிப் பழகிய மாணவர், பின்னர் வகுப்பறையில் கேட்கும் கோட்பாட்டை எளிதில் பற்றிக்கொள்கிறார். இரண்டாம் ஆண்டின் கணிதம் அவருக்குக் கடினமாக இருக்கும் என்பது உண்மையே; எனினும் அது உழைத்தால் கடக்கக்கூடிய இடர்.

மிகுந்த எச்சரிக்கைக்குரியது, தனியார் பள்ளியும் பயிற்சி மையமும் கைகோத்து நடத்தும் ‘ஒருங்கிணைந்த’ நீட், ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு வகுப்பு. பள்ளியும் மற்றொரு நிறுவனமும் இணைந்து நடத்துவதாயினும், அங்குக் கழியும் ஈராண்டில் ஒரு கிரெடிட்டும் கல்லூரிக் கணக்கில் சேர்வதில்லை. தமிழ்நாட்டில் 2007 முதல் பொறியியலுக்கு மாநில நுழைவுத் தேர்வு இல்லை. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே 200க்குக் கணக்கிடப்படுகிறது. அவ்வாறிருக்க, பாடநூலை ஒதுக்கிவிட்டு வினாத்தாள்களையே திருப்பித் திருப்பிப் போடும் வகுப்பு, மருத்துவ இடமும் கிடைக்காமல் பொறியியல் மதிப்பெண்ணும் குறைந்த நிலையில் பலரைக் கொண்டுவந்து நிறுத்துகிறது.

இழப்பு அத்துடன் முடிவதில்லை. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்க்கு மருத்துவத்தில் 2020இலும், பொறியியல், வேளாண்மை உள்ளிட்ட படிப்புகளில் 2021இலும் வழங்கப்பட்ட 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டை, பதினோராம் வகுப்பில் தனியார் பள்ளிக்கு மாறும் மாணவர் இழந்துவிடுகிறார். அவ்வொதுக்கீட்டில் சேர்வோரின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்பதை அறியாமல், ஏலக்காய் விலையை நம்பிக் கடன் வாங்கும் குடும்பங்கள் உண்டு. 2019இல் கிலோ 7000 ரூபாயைத் தொட்ட விலை, சில ஆண்டுகளுக்குள் ஆயிரத்துக்கும் கீழே இறங்கியதை மலையேறி ஏலத்தோட்டங்களில் வேலை செய்யும் ஒவ்வொரு வீடும் அறியும். மருத்துவத்தில் உண்மையான நாட்டமுள்ள மாணவரும், அரசுப் பள்ளியில் இருந்தபடியே உயிரியலையும் வேதியியலையும் வேரோடு கற்றுத் தேர்வுக்கு ஆயத்தமாவதே நன்று.

எந்த வழியும் தன்னளவில் உயர்ந்ததோ தாழ்ந்ததோ அன்று. அதில் நடப்பவரின் இயல்போடு பொருந்துவதே அதன் மதிப்பு. எந்தப் பாடத்தைப் பிள்ளை சொல்லாமலே எடுத்துப் படிக்கிறது, எந்த வேலையில் பசியை மறக்கிறது என்பதைப் பெற்றோர் ஓராண்டேனும் பொறுமையுடன் கவனிக்க வேண்டும். முதற்பருவத் தேர்வில் தவறியதும் வழியை மாற்றும் மாணவர் எவ்வழியிலும் நிலைப்பதில்லை. ஆகவே, இணைத்து நடத்தும் எந்தப் படிப்பில் சேர்வதற்கு முன்பும், அது அடுத்த நிலையில் எத்தனை மாதப் படிப்பாகக் கணக்கில் கொள்ளப்படும் என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுக. விடை கிடைக்கவில்லையெனில் கட்டணத்தைக் கட்டாது திரும்புக.