ஐப்பசி பிறக்கிறது, தோட்டத்துக்குக் காது கொடுங்கள்

சேலம், நாமக்கல் சமவெளி வீட்டுத்தோட்டக்காரர்களுக்கு இம்மாத ஆலோசனை

வடகிழக்குப் பருவமழை தொடங்க வேண்டிய தேதி அக்டோபர் 20 என்று வானிலைத் துறை கணக்கு வைத்திருக்கிறது. நம் பக்கம் ஆவணி, புரட்டாசி மழையிலேயே மண் நனைந்துவிடும். இப்போது புறக்கடையில் போய்ப் பார்த்தால் எல்லாம் பச்சைப்பசேலென்று இருக்கும், ஒரு குறையும் தெரியாது. அதனால்தான் இந்த மாதம் கண்ணை அதிகம் நம்ப வேண்டாம் என்கிறோம். மட்டை இடுக்கிலும் மரத்துக்குள்ளும் கோழிக்கூண்டிலும் நடப்பது முதலில் காதுக்குத்தான் எட்டும். மருந்துக்கடைக்கு ஓடுவதற்கு முன்னால் காலையில் பத்து நிமிடம், படுக்கப் போகுமுன் பத்து நிமிடம் தோட்டத்தில் சும்மா நில்லுங்கள்.

குமாரபாளையம், பள்ளிபாளையம், திருச்செங்கோடு பக்கத்தில் இருப்பவர்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம். தறி ஓடும் தெருவில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. அவர்களுக்கு ஒரு வழி உண்டு. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் கரண்டை நிறுத்தும் நாளை நாளிதழில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லோரும் புலம்பும் அந்த நாள்தான் உங்களுக்கு வாய்த்த நாள்.

அன்றைக்கு முதல் வேலை தென்னை. ஐந்து முதல் இருபது வயதுக்குள் உள்ள மரம் என்றால் கட்டாயம். தண்டில் காதை ஒட்டி, அடியிலிருந்து தலை உயரம் வரை, நாலு பக்கமும் கேளுங்கள். உள்ளே ‘கறுக், கறுக்’ என்று மெல்லும் சத்தம் வந்தால் சிவப்புக் கூன்வண்டின் புழு நாரைத் தின்றுகொண்டிருக்கிறது. இது பாட்டி கதை அல்ல, வேளாண் பல்கலைக்கழகமே சொல்லும் அடையாளம். தண்டில் சின்ன ஓட்டை, அதிலிருந்து வடிந்த பழுப்புச் சாறு, மென்று துப்பிய நார் ஆகியவையும் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். குருத்து வாடிச் சாய்ந்தபிறகு கண்டுபிடித்து ஆகப்போவது ஒன்றுமில்லை. சத்தம் கேட்கும் நிலையிலேயே வட்டார வேளாண் விரிவாக்க மையத்துக்குச் சொன்னால் மரம் பிழைக்க வழியிருக்கிறது.

கூன்வண்டு காயத்தைத் தேடி வருவது. தீபாவளிக்கு வாசலைச் சுத்தம் செய்கிறேன் என்று பச்சை மட்டையைத் தண்டோடு ஒட்ட வெட்டாதீர்கள், நாலடி விட்டு வெட்டுங்கள். காண்டாமிருக வண்டு குருத்தில் போடும் ஓட்டையும் கூன்வண்டுக்கு வசதியாகிவிடும். காண்டாமிருக வண்டு முட்டையிடுவது எருக்குழியில். குழியைக் கிளறிக் கொழுத்த வெள்ளைப் புழுக்களைப் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்குக்கு மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் குருத்தை ஒட்டிய மூன்று மட்டை இடுக்குகளில் வையுங்கள்.

கோழிக்கு வருவோம். நாமக்கல் பண்ணைக்காரர்களுக்கு ஆலோசனை சொல்லக் கால்நடை மருத்துவக் கல்லூரியே உள்ளூரில் இருக்கிறது. வீட்டில் நாலு நாட்டுக்கோழி வைத்திருப்பவர்தான் கவனிக்காமல் விட்டுவிடுகிறார். கோழி அடைந்து அரைமணி கழித்து, விளக்குப் போடாமல் கூண்டருகே போய் நில்லுங்கள். பகல் முழுக்கக் கொக்கரிப்பில் அமுங்கிப்போகும் நோய்ச் சத்தம் அப்போது தனியாகக் கேட்கும். நல்ல கோழி அடைந்தபின் அசையாது. ‘கொர்கொர்’ என்று மூச்சு இழுத்தாலும், தும்மினாலும், எந்தக் கோழி என்று டார்ச் அடித்துப் பார்த்து அந்த ராத்திரியே பிரித்துவையுங்கள். விடிந்ததும் கால்நடை மருந்தகம். வெறும் சளியாகவும் இருக்கலாம், வெள்ளைக்கழிச்சலின் தொடக்கமாகவும் இருக்கலாம். மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கரைத்து ஊற்றிவிட்டுக் காத்திருக்காதீர்கள். கூண்டுத் தரை நசநசவென்று இருந்து கண்ணைக் கரிக்கும் நெடி வந்தால் பழைய உமியை அள்ளிக் கொட்டிவிட்டு, புது உமியும் கொஞ்சம் சுண்ணாம்புத் தூளும் போடுங்கள்.

அதே கோழி பகலில் இரண்டு விதமாகக் கத்தும். மேலே பருந்தோ வல்லூறோ தெரிந்தால் சேவல் ஒரே குரலாக இழுக்கும், குஞ்சுகள் சட்டென்று பதுங்கும். தரையில் ஆபத்து வந்தால் ‘கெக் கெக் கெக்’ என்று வெட்டி வெட்டி, விடாமல் கத்தும். இரண்டாவது சத்தத்தோடு அணிலும் வாலைச் சொடுக்கிக் கீச்சிட்டு, தவிட்டுக்குருவிகள் கூட்டமாக ஒரே புதரைப் பார்த்து இரைந்தால், அங்கே வெறுங்காலோடு போகாதீர்கள். பூனையாக இருக்கலாம், கீரியாக இருக்கலாம். ஆனால் வளைகளில் தண்ணீர் புகுந்து பாம்பு வெளியே வரும் மாதம் இது. கண்ணாடிவிரியன் பலமாக, நீட்டிச் சீறும். சுருட்டைவிரியன் செதிலோடு செதில் உரசிச் சரசரக்கும். கட்டுவிரியன் சத்தமே போடாமல் ராத்திரியில் வரும். அதற்குத் தரையில் படுக்காமல் இருப்பதும் கொசுவலையைப் பாய்க்கடியில் செருகுவதும்தான் காப்பு. பாம்பைக் கண்டால் தீயணைப்புத் துறை, 101. கடித்துவிட்டால் கீறாமல், கட்டுப்போடாமல், 108இல் நேரே அரசு மருத்துவமனை.

மழை விட்ட வெயில் காலையில் கத்தரிச் செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், எனக்கு இதில் அலுப்பே வந்ததில்லை. நீலவரித் தேனீ மெல்ல ரீங்கரித்துக்கொண்டு வரும். பூவைப் பிடித்துத் தொங்கியதும் அதன் குரல் சட்டென உயர்ந்து ‘ஜ்ஜீங்’ என்று ஒலித்து நிற்கும். சிறகை விரிக்காமல் பறக்கும் தசையை மட்டும் அதிரவைக்கிறது. மகரந்தப்பையின் நுனித் துளை வழியே மஞ்சள் தூள் கொட்டுகிறது. கத்தரிக்கும் தக்காளிக்கும் இந்த அதிர்வு நல்ல காய்ப்பைத் தரும். கருவண்டு என்று நாம் சொல்லும் தச்சுத் தேனீயும் இதைச் செய்யும், தேன்கூட்டுத் தேனீக்களுக்கு வராது. காலை முழுக்கச் சத்தமே இல்லை, பூவும் கொட்டுகிறது என்றால் உடனே உரத்தைக் குறை சொல்லாதீர்கள். பூக்காம்பை விரலால் சுண்டிவிடுங்கள். மருந்து அடித்தே தீர வேண்டுமானால் மாலை ஐந்துக்கு மேல். ஒரு முழம் பட்ட மூங்கிலும் கொஞ்சம் வெறும் மண்ணும் தோட்டத்தில் விட்டுவைத்தால் இந்தத் தேனீக்கள் அங்கேயே குடியேறும்.

தவளைக் கச்சேரியைத் திட்ட வேண்டாம். ஆனால் மழை விட்டு ஒரு வாரமாகியும் ஒரே மூலையிலிருந்து கத்தினால் அங்கே தண்ணீர் நிற்கிறது என்று பொருள். டயர், உடைந்த குடம், மூடாத தொட்டி எதுவென்று தேடிக் கவிழ்த்துவிடுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும்.

விடியலிலும் அந்தியிலும் ஆறு மணி வாக்கில் சருகடியிலிருந்து இரட்டை விசில் கேட்டால், ஆறுமணிக்குருவி வந்துவிட்டது. வடக்கே கூடு கட்டிவிட்டு இந்த மாதத்தில் தெற்கே இறங்கும் பறவை இது. களைத்துப்போய் ஜன்னல் கண்ணாடியில் மோதி விழுவதுண்டு. காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டியில் இருட்டாக, அமைதியாக வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். தெளிந்ததும் மரத்தடியில் விட்டுவிடுங்கள், எழவில்லை என்றால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். அழகாக இருக்கிறதே என்று வளர்க்க ஆசைப்படுவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம். சருகையும் கூட்டி எரிக்காதீர்கள், அதன் இரை அதற்குள்தான் இருக்கிறது. தீபாவளிச் சரத்தை மரத்தில் கட்டாதீர்கள். ஈரோட்டுப் பக்கம் வெள்ளோடு சரணாலயத்தை ஒட்டிய ஊர்க்காரர்கள் பறவைகளுக்காக வெடிச் சத்தத்தையே விட்டுக்கொடுக்கிறார்கள், நாம் ஒரு மரத்தையாவது விடலாம்.

கேட்டதையெல்லாம் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வாருங்கள். தை பிறக்கும்போது, 2015 முதல் ஆண்டுதோறும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு வரும். உங்கள் தோட்டத்தில் 15 நிமிடம் நின்று, பார்த்த பறவைகளோடு குரலால் அடையாளம் கண்டவற்றையும் இ-பேர்ட் தளத்தில் பதியலாம். நம் இரண்டு மாவட்டங்களிலிருந்தும் இந்த முறை நிறையப் பட்டியல்கள் போகட்டும்.