ஒரு வாக்கினால் தப்பிய தெரு



ஒரு நகரத்தின் பழைய தெருக்களையும் பசுந்தரைகளையும் காக்கும் சங்கத்தைப் பற்றிக் காணியை விட்டு வந்திருக்கும் நாங்கள் ஏன் படிக்க வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் இந்தக் கதையைக் கிண்டிப் பார்த்தால் அடியில் இருப்பது காணிப் பிரச்சினைதான்.

இங்கிலாந்தின் கிழக்கே நொரிச் என்றொரு நகரம் இருக்கிறது. அங்கே எல்ம் ஹில் என்னும் கல் பதித்த ஒடுங்கிய தெருவொன்று. 1507 இல் ஏற்பட்ட பெருந்தீயில் அது அழிந்தது. அதன் பின் கட்டப்பட்ட வீடுகளே இன்றும் அங்கு பெரும்பாலும் உள்ளன. ஒருகாலத்தில் வணிகர் வாழ்ந்த அத்தெரு, 1920களில் ஏழைகள் நெருக்கியடித்து வாழும் சேரியாகிவிட்டது. அதை இடித்துத் தள்ளலாம் என்ற யோசனை மாநகர சபையில் எழுந்தது. 1923 இல் சில நகரவாசிகள் சேர்ந்து ஆரம்பித்த நொரிச் சங்கம் இதை எதிர்த்தது. வீடுகள் பழுதடைந்துள்ளனவே தவிர, திருத்த முடியாதவை அல்ல என்று அது வாதாடியது. இறுதியில் ஒரேயொரு வாக்கினால் தெரு தப்பியது.

இச்சங்கத்துக்குச் சட்ட அதிகாரம் எதுவுமில்லை. பெரும்பாலும் தொண்டர்களின் உழைப்பே அதன் பலம். யாராவது ஒரு கட்டடத்தை இடிக்கவோ புதிதாகக் கட்டவோ மாநகர சபையிடம் விண்ணப்பித்தால், அந்த விண்ணப்பம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். ஆட்சேபனை தெரிவிக்கப் பொதுவாக 21 நாட்கள் அவகாசம் உண்டு. சங்கத்தார் விண்ணப்பங்களை எடுத்துப் படித்து, தங்கள் கருத்தை எழுத்தில் கொடுப்பார்கள். அலுப்பான வேலைதான். ஆனால் ஆங்கிலியா ஸ்குவயர் என்ற இடத்தில் 20 மாடிக் கோபுரத்துடன் போடப்பட்ட திட்டத்தை 2020 நவம்பரில் அமைச்சர் நிராகரித்தபோது, அதை எதிர்த்தவர்களுள் இச்சங்கமும் இருந்தது.

இனிப் பசுந்தரையைப் பார்ப்போம். நகரத்தின் அருகே மவுஸ்ஹோல்ட் என்ற மேட்டுத் தரவை உண்டு. 1549 இல் பணக்காரர் பொது மேய்ச்சல் நிலங்களைச் செம்மறி வளர்ப்புக்காக வேலியடைத்தபோது, கமக்காரர் கிளர்ந்தெழுந்து இந்தத் தரவையில்தான் பாசறை அமைத்தார்கள். ஏறத்தாழ 16,000 பேர். தலைவர் றொபேட் கெற். அவரும் காணிக்காரரே. தமது வேலியைப் பிடுங்க வந்தவர்களின் பக்கம் நியாயம் இருக்கக்கண்டு அவர்களோடு சேர்ந்துகொண்டவர். அவர்கள் அரசனுக்கு 29 கோரிக்கைகள் எழுதினார்கள். கிறிஸ்து தம் இரத்தத்தினால் எல்லோரையும் விடுவித்திருப்பதால் அடிமைக் குடிகள் விடுதலையடைய வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அரச படை அவர்களை முறியடித்தது. 1549 டிசெம்பர் 7 ஆம் திகதி நொரிச் கோட்டையில் கெற் தூக்கிலிடப்பட்டார். சரியாக 400 ஆண்டுகளின் பின், 1949 இல், நகர மக்கள் அதே கோட்டைச் சுவரில் அவருக்கு நினைவுக் கல் பதித்தார்கள்.

அதே தரவை 19 ஆம் நூற்றாண்டில் மீண்டும் வழக்குக்கு வந்தது. பக்கத்திலிருந்த பொக்தோர்ப் என்னும் ஏழைக் குடியிருப்பினர் அங்கே மணலும் களிமண்ணும் கிண்டிப் பிழைத்தார்கள். தங்களுக்கு அதில் பரம்பரை உரிமை உண்டென்று குழு அமைத்து வாதாடினார்கள். பேராலய நிருவாகமோ தனது உரித்தை மாநகர சபைக்குக் கையளித்தது. நீதிமன்றத்தில் ஏழைகள் தோற்றார்கள். 1884 இன் சட்டப்படி தரவை பொதுப் பூங்காவாயிற்று. இன்று ஏறத்தாழ 184 ஏக்கர், நகரத்தார் எல்லோரும் உலாவும் இடம். நல்லதுதான். ஆனால் அங்கு கிண்டிச் சீவித்தவனுக்கு அது நல்லதாக இருக்கவில்லை. கோவில் அதிகாரிகள் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதை ஒரு குருவானவனாக எழுதும்போது எனக்குச் சற்று வெட்கமாகவே இருக்கிறது. பசுமையைக் காக்கிறோம் என்று எவர் வந்தாலும், யாருக்காக என்று கேட்கத் தயங்காதீர்கள். நாம் ஊரில் இல்லாத காலத்தில் பற்றை வளர்ந்த வயல் காடாகக் கணக்கெடுக்கப்பட்ட அனுபவம் நம்மிற் பலருக்கு உண்டு.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். 1565 இல் நொரிச் நகரம் 30 அகதிக் குடும்பங்களை வரவழைத்துக் குடியேற்றியது. ஒல்லாந்தும் பெல்ஜியமும் இன்று இருக்கும் பகுதிகளிலிருந்து, கத்தோலிக்க ஸ்பானிய அரசின் துன்புறுத்தலுக்குத் தப்பியோடிய நெசவாளர் அவர்கள். பின்னர் வந்தவர்களையும் சேர்த்தால், நகரத்தில் மூன்றிலொருவர் அகதி என்ற நிலை ஏற்பட்டது. எதிர்ப்பும் இருந்தது. ஆயினும் நலிந்திருந்த நெசவு அவர்களாற் பிழைத்தது. 'அந்நியர் மண்டபம்' என்ற பழைய வீடொன்று அவர்கள் நினைவாகவே பெயர் பெற்று இன்று நூதனசாலையாக உள்ளது. நகரம் காத்துவைத்திருக்கும் மரபிலே இடம்பெயர்ந்தவர்களின் கைவேலையும் சேர்ந்திருக்கிறது.

இனி நம் பக்கம். 2025 மார்ச் 28 ஆம் திகதிய வர்த்தமானி அறிவித்தலொன்று, வட மாகாணத்தில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிகளுக்கு மூன்று மாதத்துள் உரிமை கோரும்படி கேட்டது. கோராதவை அரச காணியாகும் நிலை. உறுதியைத் தொலைத்தவரும், வெளிநாட்டில் இருப்பவரும், இந்தியாவில் முகாமில் இருப்பவரும் என்ன செய்வது? எதிர்ப்பு எழுந்தது, வழக்கும் போடப்பட்டது, அறிவித்தல் மீளப்பெறப்பட்டது. அந்த அறிவித்தலை நம்மில் எத்தனை பேர் அது வெளிவந்த வாரத்திலேயே வாசித்தோம்?

நொரிச்சில் 21 நாள் அவகாசம் உள்ள இடத்தில், அதைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் மாதர் சங்கத்திலோ கமக்காரர் அமைப்பிலோ அப்படி இருவரை நியமிக்க முடியுமா? படித்த இளைஞர் ஒருவரும் ஊர் எல்லை தெரிந்த முதியவர் ஒருவருமாக இருந்தால் நல்லது.

அடுத்த கூட்டத்துக்கு ஒரு பெரிய கடதாசி கொண்டுவாருங்கள். விட்டு வந்த ஊரை நினைவிலிருந்து வரையுங்கள். வீடுகளை மட்டுமல்ல, மேய்ச்சல் தரவை, குளம், வாய்க்கால், ஆவுரோஞ்சிக்கல், மடம், கேணி, சேமக்காலை, சுடலை, வண்டிப் பாதை எல்லாவற்றையும் குறியுங்கள். இவற்றுக்குத் தனி உறுதி இராது. ஆகவே யார் யார் எந்த ஆண்டு வரை பாவித்தார்கள் என்று பக்கத்தில் எழுதி, வயதானவர்களிடம் கையொப்பம் வாங்குங்கள். மூன்று பிரதிகள் எடுத்து, ஒன்றைப் பங்குமனையில் ஒப்படையுங்கள்.